காற்பந்துக்கு ஒரு சோறு பதமாகுமா?



ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் தோட்டத்துத் தேநீர்க் கடையிலோ, கிள்ளான் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையிலோ, பிரிக்பீல்ட்ஸ் சந்தியில் உள்ள மாமாக் கடையிலோ போய்ச் சற்று நேரம் உட்கார்ந்தால் போதும். முதல்நாள் இரவு நடந்த காற்பந்து ஆட்டத்தைப் பற்றிய பேச்சு காதில் விழும். "என்னண்ணே, உங்க ஆளுங்க இப்படிக் கவுத்துட்டாங்க?" என்று ஒரு தம்பி தொடங்குவார். "பயித்துநர மாத்தினாத்தான் உருப்படும்லா" என்று அண்ணன் முடிப்பார். இடையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். தேநீர் ஆறிப்போகும், பேச்சு மட்டும் ஆறாது.

இந்தப் பேச்சை வீண் பேச்சு என்று சொல்லி ஒதுக்கிவிட நாம் வரவில்லை. வாரம் முழுவதும் செம்பனைக் காட்டிலும் ஆலையிலும் உழைக்கிறவர்களுக்கு அது ஓர் இளைப்பாறல். ஆனால், அதே பேச்சு சில வீடுகளில் சண்டையாகவும், சில வீடுகளில் கடனாகவும் முடிகிறது. எனவே காற்பந்தைப் பற்றி அறிவோடு வாதம் செய்வது எப்படி என்பதை இன்றைய உரையில் சிந்திப்போம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த வாதம் நேற்று முளைத்ததன்று. 1921-ஆம் ஆண்டில் மலாயாக் கிண்ணமாகத் தொடங்கியதுதான் இன்றைய மலேசியக் கிண்ணப் போட்டி. அதை மற்றெல்லாக் குழுக்களையும்விட அதிகமான முறை வென்றது சிலாங்கூர். அதன் 33-ஆவது வெற்றி 2015-இல் கிடைத்தது. கோலாலம்பூர்க் குழு 1987, 1988, 1989 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அந்தக் கிண்ணத்தை வென்றது. அதன் பிறகு மீண்டும் வெல்ல அதற்கு 32 ஆண்டுகள் ஆயின, 2021-இல்தான் வென்றது. தகப்பனார் சிலாங்கூர் பக்கமும் மகன் கோலாலம்பூர் பக்கமுமாக நிற்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அவற்றோடு இப்போது இங்கிலாந்து லீக்கும் சேர்ந்துகொண்டது. மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் என்ற பெயர்களை நம் பாலர் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள்.

சரி, இந்த வாதங்களில் பெரும்பாலும் நேரும் பிழை என்ன? ஒரே ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் குழு ஒன்றுக்கும் உதவாது" என்றோ, "இனி இவர்களை அசைக்க முடியாது" என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுவதுதான். "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் பெரியவர்கள் சொன்ன பழமொழி. சோற்றுக்கு அது சரி. ஏனென்றால், ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. ஒரு பருக்கை வெந்திருந்தால் மற்றவையும் வெந்திருக்கும். காற்பந்தில் ஒவ்வோர் ஆட்டமும் தனிப் பானை. எதிரி மாறுகிறார், திடல் மாறுகிறது, மழை பெய்கிறது, முக்கிய ஆட்டக்காரர் ஒருவர் காலில் அடிபட்டு வெளியே உட்காருகிறார். மேலும், காற்பந்தில் கோல்கள் மிகவும் குறைவு. கூடைப்பந்தில் நூறு புள்ளிகள் வரை போவதால் ஒரு தற்செயல் பெரிதாகத் தெரியாது. காற்பந்திலோ ஒரே ஒரு தற்செயல், ஒரே ஒரு பினால்டி, ஆட்டத்தின் முடிவையே மாற்றிவிடும்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். தென்கிழக்காசிய நாடுகளின் கிண்ணப் போட்டி. நம் தேசியக் குழுவின் பயிற்றுநர் கே. ராஜகோபால். முன்பு அவரே நாட்டுக்காகத் தாக்குதல் ஆட்டக்காரராக ஆடியவர். அதற்கு முந்தைய ஆண்டு, 2009-இல், லாவோஸ் தலைநகர் வியன்தியானில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில், 20 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவுக்குத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்தவர்.

டிசம்பர் 1-ஆம் தேதி ஜகார்த்தாவில் முதல் ஆட்டம். இந்தோனேசியாவிடம் மலேசியா 1-5 என்ற கணக்கில் தோற்றது. அன்றைக்கு ஒரு சோற்றைப் பதம் பார்த்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? "மூட்டையைக் கட்டுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அடுத்து என்ன நடந்தது? தாய்லாந்துடன் 0-0. லாவோசுக்கு எதிராக 5-1. அரையிறுதியில் வியட்நாமை இங்கே புக்கிட் ஜாலிலில் 2-0 என்று வென்று, ஹனோயில் 0-0 எனச் சமன் கண்டது. இறுதிச் சுற்றில் அதே இந்தோனேசியா! டிசம்பர் 26-இல் புக்கிட் ஜாலிலில் மலேசியா 3-0 என வென்றது. சாபி சாலி இரண்டு கோல்களும் அஷாரி ஷம்சுடின் ஒரு கோலும் போட்டார்கள். டிசம்பர் 29-இல் ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும், கூட்டுக் கணக்கில் 4-2. மலேசியா முதல்முறையாக அந்தக் கிண்ணத்தை வென்றது. நம் எஸ். குணாளனும் அந்தக் குழுவில் இருந்தார். ஐந்து கோல் வாங்கித் தலைகுனிந்த நாளுக்கும் கிண்ணத்தைத் தூக்கிய நாளுக்கும் இடையில் 28 நாள்கள்தாம்.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். அந்தப் போட்டியில் இந்தோனேசியா ஏழு ஆட்டங்கள் ஆடி ஆறில் வென்றது. ஒன்றில் மட்டுமே தோற்றது. மலேசியா ஏழு ஆட்டங்கள் ஆடி மூன்றில்தான் வென்றது. இரண்டு சமன், இரண்டு தோல்வி. ஆனாலும் கிண்ணம் நமக்கு வந்தது. அப்படியானால் எது சிறந்த குழு? இந்தக் கேள்வியை இன்று மாலை உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். மலேசியா வாங்கிய கோல்கள் மொத்தம் 8. அவற்றில் 7, ஜகார்த்தாவில் இந்தோனேசியாவுக்கு எதிராக ஆடிய இரண்டு ஆட்டங்களில் வந்தவை. மற்ற ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து வாங்கியது ஒரே ஒரு கோல். இப்போது பாருங்கள், "தற்காப்பு மோசம்" என்று ஒருவர் சொன்னால், "எங்கே மோசம், யாருக்கு எதிராக மோசம்?" என்று கேட்க முடிகிறதல்லவா? கணக்கு கையில் இருந்தால் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

அடுத்து, பயிற்றுநரைப் பற்றிய வாதம். குழு தோற்றால் முதலில் உருளும் தலை அவருடையதுதான். பதினொரு பேரை மாற்ற முடியாது. ஒருவரை மாற்றுவது எளிது. ஆனால், ஒரு பயிற்றுநரை எடை போடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எவ்வளவு காலம் கொடுத்தார்கள்? எப்படிப்பட்ட ஆட்டக்காரர்களைக் கொடுத்தார்கள்? அவரிடம் எதை எதிர்பார்த்தார்கள்?

மான்செஸ்டர் யுனைடெட் குழுவுக்கு அலெக்ஸ் பெர்குசன் 1986 நவம்பரில் பயிற்றுநராக வந்தார். மூன்று ஆண்டுகள் கடந்தும் ஒரு கிண்ணமும் வரவில்லை. 1989-இல் அவர் போக வேண்டும் என்று சொந்த ரசிகர்களே பதாகை பிடித்தார்கள். 1990-இல் எப்.ஏ. கிண்ணம் வந்தது. 1993-இல், 26 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு லீக் பட்டம் வந்தது. 2013-இல் அவர் ஓய்வு பெறும்போது லீக் பட்டங்கள் 13. அவருக்குப் பின் வந்த டேவிட் மோயிசுக்கு ஒரு முழுப் பருவம்கூடக் கொடுக்கவில்லை. பத்தே மாதங்களில் அனுப்பிவிட்டார்கள்.

லெய்ஸ்டர் சிட்டியின் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2015-இல் கிளவ்டியோ ரனியேரி அங்கே பயிற்றுநராக வந்தபோது பலரும் முகம் சுளித்தார்கள். அதற்கு முன் அவர் கிரேக்க நாட்டுக் குழுவை நடத்தி, பரோ தீவுகள் என்னும் மிகச் சிறிய நாட்டிடம் சொந்தத் திடலிலேயே தோற்று வேலையை இழந்தவர். லெய்ஸ்டரோ முந்தைய பருவத்தில் 14-ஆம் இடத்தில் இருந்த குழு. அந்தக் குழு 2016 மே மாதத்தில் இங்கிலாந்தின் வெற்றியாளரானது. 2017 பிப்ரவரியில் அதே ரனியேரியை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஒரே மனிதர் இரண்டே ஆண்டுகளில் வேண்டாதவராகவும், மேதையாகவும், மறுபடி வேண்டாதவராகவும் ஆகிவிட்டார்!

நம் தேசியக் குழுவிலும் இதைப் பார்த்தோம். 2014-இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தின் இறுதிச் சுற்று வரை குழுவைக் கொண்டுபோனவர் டொல்லா சாலே. 2015 செப்டம்பரில் அபுதாபியில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0-10 என்று தோற்றதும் அவர் பதவி விலகினார். பிறகு ஓங் கிம் சுவீ, நெலோ விங்காடா, டான் செங் ஹோ, கிம் பான் கோன் என்று பயிற்றுநர்கள் வந்தார்கள். இவர்களில் டான் செங் ஹோவுக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கிடைத்தன; 2018-இல் குழு மீண்டும் இறுதிச் சுற்றைக் கண்டது. அவருக்குப் பின் வந்த கிம், 2022-இல் குழுவை ஆசியக் கிண்ணத்திற்குத் தகுதிபெறச் செய்தார். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த அந்தப் போட்டியில் ஜோர்டானிடம் 0-4 என்று தோற்ற அதே மலேசியா, பத்து நாள் கழித்துத் தென்கொரியாவை 3-3 என்று தடுத்து நிறுத்தியது. பயிற்றுநரை மாற்றவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஓர் ஆட்டத்தின் கோபத்தில் முடிவு செய்யாதீர்கள் என்றே சொல்கிறோம். பதறாத காரியம் சிதறாது.

நீண்ட கணக்கு என்ன சொல்லும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஜொகூர் டாருல் தக்சிம் குழு 2014 முதல் 2024-25 பருவம் வரை ஒரு பருவமும் தவறாமல் சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. இதனை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. பணம், பயிற்சித் திடல், இளையோர் குழுக்கள், நிலையான நிர்வாகம் ஆகியவை அதற்குப் பின்னால் இருக்கின்றன. ஓர் ஆட்டம் தற்செயலாக முடியலாம். பதினொரு பருவங்கள் தற்செயலாக முடிவதில்லை.

இனிப் பழி போடுவதைப் பற்றி ஒரு சொல். கோல் விழுந்தால் எல்லாக் கண்களும் கோல் காவலர் பக்கம் திரும்பும். பந்தை நடுத்திடலில் பறிகொடுத்தவர் யார், ஓடிவந்தவரை விட்டுவிட்டவர் யார் என்று யாரும் பார்ப்பதில்லை. கோல் காவலர் என்றதும் போர்ட் கிள்ளான் தந்த ஆர். ஆறுமுகம் நம் நினைவுக்கு வருகிறார். நீண்ட கைகளால் பந்தைப் பிடித்த அவரை "ஸ்பைடர்மேன்" என்றே நாடு அழைத்தது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவில் அவர் இருந்தார். சோவியத் ஒன்றியம் ஆப்கானிஸ்தானில் படை நுழைத்ததை எதிர்த்து நம் நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அந்த வீரர்கள் மாஸ்கோ போகவில்லை. 1988-இல் ஒரு கார் விபத்தில் ஆறுமுகம் மறைந்தார். சோ சின் ஆன், சந்தோக் சிங், மொக்தார் டஹாரி, ஜேம்ஸ் வோங் ஆகியோரோடு அவர் நின்ற அந்தக் காலத்தை மூத்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். அவர்கள் பேசுவது ஒலிம்பிக் பதக்கத்தைப் பற்றியன்று. அந்த மனிதர்கள் ஆடிய விதத்தைப் பற்றி. ஒரு குழுவின் மதிப்பு முடிவுப் பட்டியலில் மட்டும் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நேயர்களே, இப்போது ஒரு செயல்முறை சொல்கிறோம். பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுங்கள். உங்கள் குழுவின் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஒரு வரி. தேதி, எதிரி, சொந்தத் திடலா வெளித் திடலா, போட்ட கோல், வாங்கிய கோல், ஆடாமல் போன முக்கிய ஆட்டக்காரர் என ஆறு கட்டங்கள் போதும். பத்து ஆட்டங்கள் எழுதிய பிறகே "இவர்கள் ஆட்டம் ஏறுகிறது" என்றோ "இறங்குகிறது" என்றோ பேசுங்கள். எழுதும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. அந்தக் காலத்தில் வெற்றிக்கு 2 புள்ளிதான் என்பதையும், இங்கிலாந்து 1981-இல் அதை 3 ஆக்கியதையும் தாத்தா சொல்லட்டும். பழைய முறையில் கூட்டினால் பட்டியலில் யார் முதலில் வருவார் என்று பேத்தி கணக்குப் போடட்டும். கூட்டல், கழித்தல், சராசரி, பின்னம் எல்லாம் அந்த நோட்டில் இருக்கின்றன. வகுப்பில் கணக்கு என்றால் தலை கவிழும் பிள்ளைகள், கோல் வித்தியாசம் என்றால் விரல்விட்டுச் சரியாகச் சொல்வதை ஆசிரியர்களாகிய நாங்கள் நாள்தோறும் காண்கிறோம்.

இதே கணக்கு, வீட்டுக்குள் நுழையும் ஒரு திருடனையும் காட்டிக்கொடுக்கும். அவன் பெயர் பந்தயம். சட்டப்படி உரிமமில்லாத புக்கியிடம் காற்பந்துப் பந்தயம் கட்டுவது 1953-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டத்தின்கீழ்க் குற்றம். அது ஒருபுறம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். சம பலமுள்ள இரண்டு குழுக்கள். 20 வெள்ளி கட்டி வென்றால் 18 வெள்ளி கிடைக்கும், தோற்றால் 20 வெள்ளியும் போகும் என்று வைத்துக்கொள்வோம். 50 வாரத்தில் பாதி வென்று பாதி தோற்றால், வந்தது 450, போனது 500. சரிபாதி வென்றவருக்கும் 50 வெள்ளி நட்டம். எந்தக் குழு வெல்லும் என்று புக்கிக்குத் தெரிய வேண்டியதில்லை. லெய்ஸ்டர் வெல்லும் என்று இங்கிலாந்தின் பந்தயக்காரர்களுக்கே தெரியவில்லை. அவர்கள் 5,000-க்கு ஒன்று என்று விலை போட்டிருந்தார்கள். அவர்கள் பிழைப்பது முன்னறிவினால் அன்று. அந்த இரண்டு வெள்ளி வித்தியாசத்தினால்.

"ஐம்பது வெள்ளிதானே" என்று நினைக்கலாம். ஆனால் தோற்றவர் 20 வெள்ளியோடு நிற்பதில்லை. விட்டதைப் பிடிக்க 40 கட்டுவார், அதுவும் போனால் 80, பிறகு 160, பிறகு 320. ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்றால் மொத்தம் 620 வெள்ளி. நாணயம் சுண்டுவதுபோல் பார்த்தாலும், 32 முறைக்கு ஒருமுறை அப்படித் தொடர்ந்து ஐந்து தோல்வி வரும். 2025-இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஐந்தே ஆட்டத்தில் போய்விட்டது! அரிசிக்கும் பள்ளி வேனுக்கும் வைத்த பணம் அது. அதற்குப் பின் வீட்டு வாசலில் வந்து நிற்பவன் வட்டி முதலை.

பந்தயம் ஆட்டத்தையே கெடுத்ததையும் நாடு கண்டது. 1994, 1995-ஆம் ஆண்டுகளில் ஆட்டங்களை விலைபேசிய விவகாரம் வெடித்தது. நூற்றுக்கும் அதிகமான ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலர் தண்டனை பெற்றார்கள். நாம் தொண்டை வறளக் கத்திய ஆட்டத்தின் முடிவு முன்னமே விற்கப்பட்டிருந்தது என்றால், அந்த வாதத்திற்கு என்ன பொருள்?

வீட்டுக்காக இன்னும் சில சொற்கள். ஐரோப்பிய ஆட்டங்கள் நம் நேரப்படி நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வருகின்றன. மறுநாள் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர் அவற்றையெல்லாம் பார்க்க முடியாது. குலைவெட்டும் கத்தியைக் கையில் பிடிக்கிறவருக்குத் தூக்கம் ஒரு பாதுகாப்பு. முடிவைக் காலையில் தெரிந்துகொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது. பிள்ளைகள் முன்னால் எதிர்க்குழுவை இனம் சொல்லித் திட்டாதீர்கள். 2010 இறுதிச் சுற்றில் நம் பக்கத்து ரசிகர்கள் சிலர் எதிரணியினர் கண்ணில் லேசர் ஒளி பாய்ச்சியதால் புக்கிட் ஜாலிலில் ஆட்டமே சிறிது நேரம் நின்றது. அவ்வளவு பெரிய வெற்றியிலும் அது ஒரு கறைதான்.

மற்றொன்று, தோட்டத்துத் திடல். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழு 2017-இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-இல் சூப்பர் லீக்குக்கு உயர்ந்தது. கே. தேவன், பி. மணியம் ஆகியோர் அதற்குப் பயிற்றுநர்களாக இருந்தனர். 2022 பருவத்தோடு அந்தக் குழு லீக்கைவிட்டு விலகியது. ஒரு குழு பேச்சினால் மட்டும் உயிர் வாழாது. திடலுக்குப் போய்ப் பார்ப்பவர்கள் வேண்டும்; ஆட வரும் பிள்ளைகள் வேண்டும். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஆடும் குழுவுக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் நாம், மாலை ஐந்து மணிக்கு லயத்துக்குப் பின்னால் ஆடும் நம் பிள்ளைகளை அரைமணி நேரம் நின்று பார்க்கிறோமா? அவர்கள் ஒரு கோல் வாங்கினால் திட்டாமல், "அடுத்ததைப் பாருடா தம்பி" என்று சொல்கிறோமா? பத்து ஆட்டம் பார்த்துவிட்டுப் பேசும் நீதியை மான்செஸ்டருக்குக் கொடுப்பவர்கள், அதைச் சொந்தப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். ஒரு தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கியதும் "நீ உருப்படமாட்டாய்" என்று சொல்வதும் ஒரு சோற்றைப் பதம் பார்ப்பதுதான்.

ஆகவே நேயர்களே, வாதம் செய்யுங்கள். சிலாங்கூர் என்றும் கோலாலம்பூர் என்றும், லிவர்பூல் என்றும் ஆர்சனல் என்றும் நன்றாகவே வாதம் செய்யுங்கள். ஆனால் கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். சட்டைப்பையில் சம்பளம் அப்படியே இருக்கட்டும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் நாளைக் காலையில் நம்மோடு காட்டுக்கு வரும் மனிதர் என்பது மனத்தில் இருக்கட்டும்.